யாருடைய இரத்தம் என்று கேட்கலாமா?



சில காலத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, மாலைப் பூசை முடிந்து யாவரும் பிரசாதம் பெற்றுக்கொண்டிருந்த வேளையில், எமது சங்கத்துடன் நெடுங்காலத் தொடர்புடைய ஒரு குடும்பத்தினர் நிர்வாகசபை அறைக்கு வந்தனர். குடும்பத் தலைவர் குடலில் இரத்தப்போக்கு ஏற்பட்டு வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக் குழாயுடன் படுத்திருந்தார். இரத்தம் ஏற்ற வேண்டும் என்று வைத்தியர்கள் மனைவியிடம் கையொப்பம் கேட்க, அவரும் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆனால் அவர் மனம் அமைதியடையவில்லை. "தம்பி, இவர் பி பொசிற்றிவ். எங்கட ஆக்களுக்குள்ள கனபேர் பி தானே. கோயிலில ஒருக்கா அறிவிச்சியளெண்டால் நாலு பெடியள் ஓடி வருவாங்கள். ஆற்றை எவற்றை எண்டு தெரியாத இரத்தத்தை ஏத்தாமல் எங்கட ஆக்களின்ரையாய்ப் பார்த்து ஏத்தலாம் எல்லே?" என்று கேட்டார். நோயாளியின் தம்பியாரும் மூத்த மகனும் அப்பொழுதே சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள் என்றாலும் மிகையாகாது.

அன்றிரவு எம்மால் அந்த அம்மையாருக்குத் தகுந்த பதில் கூற முடியவில்லை. வைத்தியசாலையிலேயே கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். அங்கே பணிவாகவும் உறுதியாகவும் மறுத்துவிட்டார்களாம். இரத்த வங்கியிலிருந்து வருவதே பாதுகாப்பானது, உறவினர் விரும்பினால் வேறொரு நாளில் பொதுவிற் கொடுக்கலாம் என்றார்களாம். குடும்பத்தினருக்கு இது பெரும் மனத்தாங்கலாகிவிட்டது. சொந்தத் தம்பி கொடுக்கத் தயாராக நிற்க, முகம் தெரியாதவனின் இரத்தம்தான் நல்லது என்பது என்ன நியாயம்? இந்தக் கேள்வியை நாமும் நெடுநாள் மனத்தில் வைத்திருந்தோம். எமது சங்க அங்கத்தவர்களான வைத்தியர்களிடம் கேட்டும், சிலவற்றைத் தேடிப் படித்தும் அறிந்துகொண்டதை இங்கு எழுதுகின்றோம்.

முதலில், அம்மையாரின் கேள்வி தவறானது என்று நாம் சொல்ல வரவில்லை. ஊரில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை என்றால், உறவினர் இரத்த வங்கி வாசலில் நின்று கொடுப்பதே வழக்கமாக இருந்தது. இன்னாருக்கு இன்னார் இரத்தம் கொடுத்தார் என்பது குடும்பங்களில் தலைமுறை கடந்து பேசப்படும் செய்தி. இன்று அங்கும் நிலைமை மாறிவிட்டது. இலங்கையில் 2014 முதல் தேசிய இரத்த வங்கிக்கு வருவதெல்லாம் தாமாக முன்வந்து, யாருக்கென்று குறிப்பிடாமல் கொடுப்பவர்களின் இரத்தமே. எனினும் நாம் ஊரைவிட்டு வந்த காலத்து வழக்கமே எமது மனத்தில் உறைந்து நிற்கின்றது. இரத்தத்தில் மட்டுமல்ல, வேறு பலவற்றிலும் அப்படித்தான்.

"எங்கட ஆக்களின்ரை" என்ற சொல்லுக்குள் பல கேள்விகள் அடங்கியிருக்கின்றன என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். சிலர் நோய்க்குப் பயந்து கேட்கின்றார்கள். சைவ உணவன்றி வேறொன்றும் தொடாத முதியவர் ஒருவர், மச்சம் மாமிசம் உண்பவரின் இரத்தம் தம்முள் ஓடுமே என்று வருந்தி எம்மிடம் கேட்டதுண்டு. குடிகாரனின் இரத்தமாக இருக்குமோ என்பார் இன்னொருவர். இவற்றைவிட, வாய்திறந்து கேட்கப்படாமல் இருக்கும் கேள்வி ஒன்றும் உண்டு. அது எந்தக் கேள்வி என்பதை எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. கல்யாணப் பேச்சில் சுற்றி வளைத்துக் கேட்கப்படும் அதே கேள்விதான். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை ஆண்டுகளின் பின்பும், உயிர் போகும் தறுவாயிலும் அது எம்முள் எட்டிப் பார்ப்பதை எண்ணி நாம் வெட்கப்படவே வேண்டும்.

இக்கேள்விகளில் விஞ்ஞானம் பதில் சொல்லக்கூடியவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1901இல் வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்ரைனர் என்ற அறிஞர் மனித இரத்தம் பிரிவு பிரிவாக இருப்பதைக் கண்டறிந்தார். அந்தப் பிரிவுகள் இனத்தையோ மதத்தையோ குடும்பத்தையோ கேட்டு அமைவதில்லை. ஒரே தாய் வயிற்றிற் பிறந்த இருவருக்கு வெவ்வேறு பிரிவு இருக்கலாம். ஒட்டாவாவில் பிறந்த ஒருவருக்கும் உரும்பிராயில் பிறந்த ஒருவருக்கும் ஒரே பிரிவு இருக்கலாம். உண்ட உணவு செங்குழியத்தில் தங்குவதில்லை. ஏற்றப்படும் செங்குழியங்களும் சில வாரங்கள், கூடினால் மூன்று நான்கு மாதங்கள் இருந்து மறைந்துவிடுவன. அந்த முதியவருக்கு இதைச் சொன்னபோது, "அப்ப நாலு மாசம் விரதம் முறிஞ்ச கணக்கோ?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எமக்கு இன்றுவரை தெரியாது.

இனித் தம்பியாரின் இரத்தத்துக்கு வருவோம். வைத்தியர்கள் எமக்கு விளக்கியவற்றுள் எம்மைத் திகைக்க வைத்தது இதுதான். பிறர் இரத்தத்துடன் அவருடைய உயிருள்ள வெண்குழியங்கள் சிலவும் வருகின்றன. எமது உடல் அவற்றை அந்நியர் என்று இனங்கண்டு அழித்துவிடும். ஆனால் நெருங்கிய உறவினரின் வெண்குழியங்கள் சில வேளைகளில் எமது உடலுக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. நம்மவர்தானே என்று உடல் அவற்றை விட்டுவிடுகின்றது. அவையோ அவ்வாறு நினைப்பதில்லை. உள்ளே நிலைகொண்டு, தமக்கு இடம் தந்தவரின் தோல், ஈரல், குடல், எலும்பு மச்சை ஆகியவற்றைத் தாக்கத் தொடங்குகின்றன. இது மிக மிக அரிதாகவே நேரும். ஆனால் நேர்ந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைப்பதில்லை. மச்சான் மச்சாள் முறையில் மணம் செய்யும் சமூகங்களில், உறவினரிடையே இந்த ஒற்றுமை இன்னும் கூடுதலாக இருக்கும் என்பதையும் எம்மவர் மனத்திற் கொள்ள வேண்டும். உறவினர் இரத்தம் கொடுத்தே ஆகவேண்டிய நிலை வந்தால், அந்தப் பைக்குக் கதிர்வீச்சுக் கொடுத்து வெண்குழியங்களைச் செயலிழக்கச் செய்த பின்பே ஏற்றுவார்கள். வடிகட்டுவது மட்டும் இதற்குப் போதாது.

கணவன் மனைவிக்குக் கொடுக்கலாமே என்றால் அதிலும் ஒரு சிக்கல். பிள்ளை பெறும் வயதிலுள்ள மனைவிக்குக் கணவனின் இரத்தத்தை ஏற்றினால், அவள் உடல் கணவனின் இரத்தத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகளை உண்டாக்கலாம். பின்னர் அவள் வயிற்றில் வளரும் பிள்ளை தந்தையின் அந்தக் கூறுகளைப் பெற்றிருந்தால், தாயின் எதிரிகள் பிள்ளையின் இரத்தத்தை அழிக்கக்கூடும். ஆகவே அன்பினால் செய்வது பிறக்கப்போகும் பிள்ளைக்கு வினையாகலாம். அன்பு இருந்தால் போதும் என்று நினைக்கின்ற எமக்கு இவையெல்லாம் கசப்பான செய்திகள்தான்.

இதைவிட நுட்பமான ஒன்று பெண்கள் கொடுக்கும் பிளாஸ்மா பற்றியது. இதைக் கவனமாக எழுதவேண்டியுள்ளது. ஏனெனில் எம்மவரிடையே பெண்ணின் உடலைத் தீட்டுடன் இணைத்துப் பேசும் பழக்கம் உண்டு. ஒரு தாய் பிள்ளையைச் சுமக்கும்போது, அப்பிள்ளை தந்தையிடமிருந்து பெற்ற கூறுகளுக்கு எதிராக அவள் உடல் சில பிறபொருளெதிரிகளை ஆக்கிவைக்கின்றது. அவை அவளுக்கு எந்தத் தீங்கும் செய்யாமல் ஆண்டுக்கணக்காக அவளது பிளாஸ்மாவில் இருக்கும். அந்தப் பிளாஸ்மா கடும் நோயாளி ஒருவருக்கு ஏறும்போது, அவருடைய வெண்குழியங்களுடன் மோதி, ஆறு மணித்தியாலத்துக்குள் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டச் செய்யலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரின் நுரையீரல் ஏற்கெனவே நொந்திருப்பதால் இந்த ஆபத்து அவர்களுக்கே அதிகம். இதை அறிந்ததும் பிரித்தானியாவில் 2003இன் பிற்பகுதியிலிருந்து பிளாஸ்மாவை இயன்றவரை ஆண்களிடமிருந்தே எடுக்கத் தொடங்கினார்கள். இவ்வகை மரணங்கள் அங்கு வெகுவாகக் குறைந்தன. கனடாவும் பின்னர் அவ்வழியைப் பின்பற்றியது. இங்கே பெண்ணின் குறை எதுவும் இல்லை. ஓர் உயிரைத் தாங்கிப் பெற்றதன் சுவடு அவள் இரத்தத்தில் எழுதப்பட்டிருக்கின்றது, அவ்வளவுதான். அதே பெண் கொடுக்கும் செங்குழியங்களில் பிளாஸ்மா மிகச் சிறிதளவே இருப்பதால் அவற்றை எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் செங்குழியத்திலும் ஆணா பெண்ணா, இளையவரா முதியவரா என்று பார்க்க வேண்டுமோ என்று ஒரு காலத்தில் ஐயம் எழுந்தது. இது எமது நாட்டிலேயே, ஒட்டாவாவில் எழுந்த ஐயம். 2016இல் அங்குள்ள ஆய்வாளர்கள் 30,000க்கு மேற்பட்ட நோயாளரின் பழைய பதிவுகளைப் பார்த்தபோது, பெண்களிடமிருந்தும் மிக இளையவர்களிடமிருந்தும் இரத்தம் பெற்றவர்கள் சற்றுக் குறைவாகவே பிழைத்ததுபோலத் தெரிந்தது. அடுத்த ஆண்டே சுவீடன், டென்மார்க் நாடுகளின் 9 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் பதிவுகளைப் பார்த்தவர்கள் அப்படி எதுவும் இல்லை என்றார்கள். பதிவுகளைப் பார்த்து வாதாடிக்கொண்டிருந்தால் முடிவில்லை என்று கண்ட ஒட்டாவாக் குழுவினர், 8,719 நோயாளரைத் திருவுளச்சீட்டுப் போடுவதுபோல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஆண்களின் செங்குழியமும் மறு பிரிவினருக்குப் பெண்களின் செங்குழியமும் கொடுத்துப் பார்த்தனர். 2023இல் முடிவு வெளியாயிற்று. உயிர்பிழைப்பதில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தாம் எழுப்பிய ஐயத்தைத் தாமே சோதித்து, அது நிலைக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதிய அந்தப் பண்பை நாம் மிகவும் மதிக்கின்றோம்.

"புது இரத்தமாய்ப் பார்த்து ஏத்துங்கோ" என்று கேட்பவர்களும் எம்மிடையே உண்டு. மரக்கறி வாங்குவதுபோல இதிலும் அன்றன்று வந்ததே நல்லது என்ற எண்ணம். செங்குழியப் பையை 42 நாட்கள் வரை வைத்திருக்கலாம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்த 2,430 பேரிடம் இதையும் சோதித்தார்கள். எட்டு நாளுக்குட்பட்ட இரத்தம் பெற்றவர்களும், சராசரி மூன்று வாரம் வைத்திருந்த இரத்தம் பெற்றவர்களும் ஒரேயளவில்தான் பிழைத்தார்கள் என்று 2015இல் வெளியிட்டனர். "இன்னும் ஒரு பை ஏத்தினால் தெம்பு வரும்" என்று வற்புறுத்துவதிலும் பயனில்லை. 1999இல் வெளியான மற்றொரு கனடிய ஆய்வில், 838 கடும் நோயாளருள் ஈமோகுளோபின் 70க்குக் கீழ் இறங்கும்வரை காத்திருந்து ஏற்றப்பட்டவர்கள், 100க்குக் கீழ் வந்தவுடனேயே ஏற்றப்பட்டவர்களிலும் எவ்விதத்திலும் பின்னடையவில்லை. வைத்தியர் ஏற்றாமல் பொறுத்திருப்பது எம்மவர் என்பதற்காகக் காட்டும் கஞ்சத்தனம் அல்ல என்பதை இங்கு சொல்லி வைக்கின்றோம். அப்படி நினைத்து எம்மிடம் வந்து முறையிட்டவர்களும் உண்டு.

இவ்வாறு உறவு, பால், வயது, புதுமை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தால், கொடுப்பவரிடம் நாம் எதைத்தான் பார்க்க வேண்டும்? கொடுப்பவர் உண்மை பேசுகின்றவரா என்பதே எஞ்சி நிற்கின்றது. இதை நாம் பக்திப் பிரசங்கமாகச் சொல்லவில்லை. இரத்தப் பரிசோதனை இன்று மிகவும் நுட்பமானது. எச்.ஐ.வி., ஹெப்பரைரிஸ் போன்றவை இந்நாட்டில் இரத்தத்தின் வழி தொற்றும் வாய்ப்பு மில்லியன்களில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. எனினும் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றி முதல் ஒரு வாரம் பத்து நாள் அளவில் எந்தச் சோதனையிலும் அது அகப்படாது. மலேரியாவைத் தடுப்பதற்குக் கொடுப்பவர் சொல்லும் பயண விபரமே முதற் காவல். இலங்கையிலிருந்து மலேரியா ஒழிந்துவிட்டது என உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது. இந்தியா முழுவதையும் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது. ஊருக்குப் போய் அப்படியே தல யாத்திரையும் முடித்து வந்தவர், "சிறிலங்கா" என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்டால், அந்த ஒரு வரியை எந்த இயந்திரமும் திருத்த முடியாது. மயங்கிக் கிடக்கும் நோயாளியின் உயிர், அவர் என்றுமே காணாத ஒருவர் தனியறையில் இருந்து நிரப்பும் ஒரு படிவத்தில் தங்கியிருக்கின்றது.

உண்மையும் எச்சரிக்கையும் தவறினால் என்ன நேரும் என்பதைக் கனடா அனுபவித்து அறிந்தது. 1980களில் இந்நாட்டில் தொற்றுள்ள இரத்தத்தாலும் இரத்தப் பொருட்களாலும் ஏறத்தாழ 2,000 பேருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. ஹெப்பரைரிஸ் சி தொற்றியவர் தொகை 30,000 வரை இருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. நீதியரசர் ஹொறஸ் கிறீவர் தலைமையிலான ஆணைக்குழு 1993இல் நியமிக்கப்பட்டு 1997இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. அதன் பின் 1998இல் இரத்த சேவை செஞ்சிலுவைச் சங்கத்திடமிருந்து புதிய அமைப்புகளின் கைக்கு மாறியது. எம்மவரில் பலர் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த ஆண்டுகள் அவை. பனியில் வேலைக்கு ஓடிய நாட்களில் அதையெல்லாம் கவனிக்க எமக்கு நேரம் இருக்கவில்லை. ஆனால் "வெளியாற்றை இரத்தம் கூடாது" என்ற பயம் மட்டும் அன்றைய பத்திரிகைத் தலைப்புகளிலிருந்து எம்முள் தங்கிவிட்டது.

பிரித்தானிய அறிஞர் றிச்சர்ட் ரிற்மஸ் 1970இல் இரத்தக் கொடையைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். காசுக்கு இரத்தம் வாங்கப்பட்ட அமெரிக்காவையும், காசில்லாமல் கொடுக்கப்பட்ட பிரித்தானியாவையும் ஒப்பிட்டார். காசு வாங்குகிறவனுக்குத் தன் நோயை மறைக்க ஒரு காரணம் இருக்கின்றது, சும்மா கொடுப்பவனுக்கு அக்காரணம் இல்லை என்பது அவர் வாதங்களுள் முக்கியமானது. இந்தியாவிலும் உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்து, காசுக்கு இரத்தம் விற்பதை 1998 சனவரி முதலாந் திகதியுடன் நிறுத்தியது. நாம் இங்கே ரிற்மஸின் வாதத்தை இன்னும் ஓர் அடி நீட்டிப் பார்க்க விரும்புகின்றோம். மறைப்பதற்குக் காசு ஒன்றுதானா காரணம்? மானமும் ஒரு காரணம் அல்லவா?

அன்று சட்டைக் கையை மடித்து நின்ற தம்பியாரை எண்ணிப் பாருங்கள். அவர் அண்ணர் சாகக் கிடக்கிறார். அண்ணி கண்ணீருடன் நிற்கிறார். அந்த நேரத்தில் அவருக்கு ஏதேனும் ஒரு நோய், ஒரு பழக்கம், ஒருவருக்கும் தெரியாத ஒரு சம்பவம் இருந்தால், "என்னால் கொடுக்க இயலாது" என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? சொன்னால், ஏன் என்று சபையில் கேட்காமல் விடுவார்களா? அவர் மௌனமாகப் போய்க் கொடுத்துவிட்டு வருவதற்கே சாத்தியம் அதிகம். மறுக்க இயலாதவரிடமிருந்து பெறுவதைக் கொடை என்று சொல்லலாமா என்பதும் எமக்கு ஐயமே. முகம் தெரியாதவருக்கோ இந்த நெருக்குதல் எதுவும் இல்லை. பிடிக்காவிட்டால் வீட்டில் இருந்திருப்பார். சந்தேகம் இருந்தால் எழுந்து போயிருப்பார். அந்தச் சுதந்திரம்தான் அவர் இரத்தத்துக்குக் காவல்.

பாத்திரம் அறிந்து கொடுக்க வேண்டும் என்று எம் முன்னோர் பழமொழி சொல்லி வைத்தார்கள். அது கொடுப்பவனுக்குச் சொன்ன புத்தி. வாங்குகின்றவன் கொடுப்பவனின் குலம் கோத்திரம் பார்க்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. இதில் இன்னொன்றும் உண்டு. தம்பி கொடுத்த இரத்தம் காலம் முழுவதும் ஒரு கணக்காக இருக்கும். காணிப் பிரச்சினை வரும் நாளில், "என்ர இரத்தத்திலதான் நீ உயிரோட இருக்கிறாய்" என்ற சொல் வந்துவிழும். எம்மவர் குடும்பங்களை அறிந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

இனி எமது சங்கத்தின் தவறு ஒன்றையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் ஆண்டுதோறும் மண்டபத்தில் இரத்ததான நிகழ்வு நடத்தி வருவது யாவரும் அறிந்ததே. கொடுத்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தோம். இம்மலரிலும் குடும்பம் குடும்பமாக அச்சிட்டோம். நல்ல எண்ணத்துடனேயே செய்தோம். ஒருமுறை, நிகழ்வு முடிந்த இரவு ஓர் இளைஞர் எம்முள் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தார். படிவத்தில் தாம் ஒரு கேள்விக்கு உண்மை எழுதவில்லை என்றும், தகப்பனார் பக்கத்தில் நிற்க, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தால் என்ன நினைப்பார்களோ என்று பயந்து கொடுத்துவிட்டதாகவும் சொல்லி அழுதார். கொடுத்த பின்பும் இரத்த சேவைக்குத் தொலைபேசியில் அறிவித்தால் அந்தப் பையைப் பயன்படுத்தாமல் விடுவார்கள், காரணத்தையும் வெளியிட மாட்டார்கள் என்பது நல்லகாலமாக எமக்குத் தெரிந்திருந்தது. அவர் அவ்விரவே அறிவித்துவிட்டார். அவர் அழைத்திருக்காவிட்டால் என்ற நினைப்பு எம்மை வெகுநாள் உறங்க விடவில்லை. அவரைப் பொய் சொல்ல வைத்ததில் எமது பொன்னாடைக்கும் பங்குண்டு.

பெண்களுக்கு இதே நெருக்குதல் வேறு விதமாக வருகின்றது. இந்நாட்டில் கொடுப்பதற்குப் பெண்களுக்கு ஈமோகுளோபின் 125ஆவது இருக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவினால் எம் சகோதரிகள் பலர் விரலில் ஊசி குத்தியதோடு திருப்பி அனுப்பப்படுகின்றனர். அவமானப்பட்டதுபோல முகத்தைத் தாழ்த்திக்கொண்டு போகிறார்கள். அது அவமானம் அல்ல. குடும்ப வைத்தியரிடம் சென்று காட்டவேண்டிய ஒரு செய்தி, அவ்வளவே.

எம்மவரின் இரத்தம் எம்மவருக்கு என்ற எண்ணத்தில் ஒரு துளி உண்மையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. கனடாவில் பி பிரிவினர் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில்தான். தெற்காசியரிடையே ஏறக்குறைய மூவரில் ஒருவர். தலசீமியா போன்ற நோயினால் வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்றவேண்டிய பிள்ளைகளுக்கு, பிரிவு மட்டுமன்றி வேறு நுண்ணிய கூறுகளும் பொருந்தினால் நல்லது. அவை ஒரே வழிவந்த மக்களிடையே கிடைப்பது எளிது. 1952இல் பம்பாயில் கண்டறியப்பட்டு அந்நகரின் பெயரையே தாங்கும் அரிய பிரிவினருக்கு, அதே பிரிவினரின் இரத்தம் தவிர வேறெதுவும் ஏற்ற முடியாது. ஆகவே எம்மவர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அது பொதுவில், யாருக்கென்று அறியாமல் கொடுப்பது. தம்பியாரின் பி பொசிற்றிவ் ரொறன்ரோவில் ஒரு சீனக் கிழவிக்குப் போகலாம். வன்கூவரில் ஒரு வாகன விபத்துக்குப் போகலாம்.

அந்தக் குடும்பத் தலைவருக்கு மொத்தம் ஏழு பைகள் ஏற்றப்பட்டன. பல வாரங்களின் பின் வீடு திரும்பினார். அம்மையார் அர்ச்சனைத் தட்டுடன் வந்து, இரத்தம் கொடுத்த ஏழு பேருக்கும் அர்ச்சனை செய்ய வேண்டும் என்றார். ஐயர் வழமைபோல் பெயர், நட்சத்திரம் கேட்டார். "ஒண்டும் தெரியாது ஐயா, ஏழு பேர்" என்றார் அம்மையார். பெயர் நட்சத்திரம் தெரியாதவிடத்துச் செய்வதுபோலச் சுவாமி பெயருக்கே அர்ச்சனை செய்யப்பட்டது. தம்பியாரும் மூத்த மகனும் அதற்கடுத்த மாதம் இரத்த சேவை நிலையத்துக்குத் தாமாகவே போய்க் கொடுத்ததாகப் பின்னர் அறிந்தோம். எம்மிடம் அவர்கள் சொல்லவில்லை.

வரும் இரத்ததான நிகழ்வில் பொன்னாடை இல்லை, பெயர் வாசிப்பதும் அச்சிடுவதும் இல்லை என்று நிர்வாகசபை பெரும்பான்மையாகத் தீர்மானித்துள்ளது. படிவம் நிரப்பும் இடத்துக்குக் குடும்பத்தினர் எவரும் கூடச் செல்ல இயலாது. கொடுத்தவர்கள், திருப்பி அனுப்பப்பட்டவர்கள், இடையில் எழுந்து வந்தவர்கள் யாவருக்கும் ஒரே மேசையில் தேநீரும் வடையும் வழங்கப்படும். எவரும் எவரையும் "குடுத்தனீங்களோ?" என்று கேட்கக் கூடாது என்று அறிவித்தலும் போடவுள்ளோம். இளைஞர் பிரிவின் பொறுப்பாளர் இதனை ஏற்கவில்லை. பெயர் வராவிட்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள், சென்ற முறை வந்தவர்களில் பாதிப்பேர் பெற்றோருக்குப் படம் காட்டவே வந்தார்கள், அந்தப் பாதியை இழக்க எம்மால் முடியுமா என்று அவர் கேட்கிறார். அவருடைய கட்டுரை அடுத்த இதழில், பிள்ளைகளும் படிக்கும் வகையில் ஆங்கிலப் பகுதியிலும் இடம்பெறும்.